முந்நூறு மீட்டர் தூரத்துப் பலகை

கே31 என்ற சுவிஸ் ராணுவத் துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, கட்டையின் அடியில் உள்ள இரும்புத் தகட்டின் இரண்டு திருகுகளைக் கழற்றினால், சில துப்பாக்கிகளில் ஒரு காகிதத் துண்டு கிடைக்கும். மடித்து உள்ளே செருகியது. அதில் ஒரு பெயர், பிறந்த ஆண்டு, படைப்பிரிவு எண், ஊர். துப்பாக்கி எண்ணெய் ஊறிப் பழுப்பேறிய சீட்டு. பழைய ஆயுதம் சேகரிப்பவர்கள் கே31 ஒன்று கைக்கு வந்ததும் முதல் வேலையாகத் திருப்புளியைத் தேடுவது இதற்காகத்தான். எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன் அந்தத் துப்பாக்கியை வைத்திருந்தவர் யார் என்று அந்தச் சீட்டு சொல்லிவிடும்.

சீட்டு வைத்ததற்குக் காரணம் உண்டு. அந்தத் துப்பாக்கி படைக் கிடங்கில் நூற்றோடு நூற்றொன்றாக நின்றதில்லை. ஒரு தச்சர் வீட்டு அலமாரியிலோ, பால் பண்ணைக்காரர் வீட்டுப் பரணிலோ இருந்தது. ஆண்டுக்குச் சில வாரம் பயிற்சிக்குப் போகும்போது எடுத்துப்போய், முடிந்ததும் தோளில் மாட்டிக்கொண்டு ரயிலேறி வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். சொந்தப் பொருள் போலப் பழகிய அரசாங்கப் பொருள்.

சுவிஸ் துப்பாக்கிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் இரண்டு கட்சி. கைக்கடிகாரம் செய்கிற கைகள் செய்தவை, இத்தனை துல்லியம் வேறெங்கும் கிடையாது என்பது ஒரு கட்சி. போர்முனையையே பார்க்காத துப்பாக்கியைப் போர்த்துப்பாக்கி என்பதா, அது பலகை சுடுகிற விளையாட்டுச் சாமான் என்பது மற்றது. இரண்டு பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் பார்த்துக்கொண்டிருப்பது துப்பாக்கியை. அதற்குள் போகிற தோட்டாவைப் பின்தொடர்ந்து போனால் வழக்கு பாதி தீர்ந்துவிடும். 1867 முதல் இன்றுவரை சுவிஸ் காலாட்படையின் துப்பாக்கிகளுக்கு முதன்மையாக இருந்தவை நான்கே தோட்டா வகைகள். துப்பாக்கிகள் மாறிக்கொண்டே இருந்தன. தோட்டா அப்படி லேசில் மாறவில்லை. ஏன் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

முதலில் நாட்டின் ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். 1848இல்தான் சுவிட்சர்லாந்து இன்றைய கூட்டரசாக ஆனது. அதற்கு முந்தைய ஆண்டே கத்தோலிக்க மாநிலங்களுக்கும் மற்றவற்றுக்கும் ஒரு சிறிய உள்நாட்டுப் போர் நடந்து முடிந்திருந்தது. பெரிய நிரந்தரப் படை வைத்துக்கொள்ள மாநிலங்கள் சம்மதிக்கவுமில்லை, நாட்டிடம் அதற்குப் பணமுமில்லை. குடிமக்களே படை என்ற பழைய வழக்கம் தொடர்ந்தது. 1874 அரசியல் சட்டம், வீரனுக்கு ஆயுதத்தை இலவசமாகக் கொடுத்து, அதை அவன் கையிலேயே விட்டுவைக்கவும் வகை செய்தது. இதற்கெல்லாம் முன்பே ஊர்தோறும் துப்பாக்கிச் சங்கங்கள் இருந்தன. 1824இல் ஆராவ் நகரில் நாடு தழுவிய சங்கம் அமைந்து, கூட்டுத் துப்பாக்கித் திருவிழாவும் நடந்தது. கூட்டரசைவிட அதன் துப்பாக்கிச் சங்கம் மூத்தது என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லியம் டெல்லையும் ஆப்பிளையும் இங்கே இழுக்க வேண்டிய தேவையே இல்லை. சங்கக் கணக்குப் புத்தகம் போதும்.

அந்தச் சங்கத்துக்காரர்களின் ருசி ராணுவத்திலும் ஏறியது. 1851இல் குறிசுடும் படையினருக்கென ஒரு குறுந்துப்பாக்கி ஏற்கப்பட்டது. குழல் விட்டம் ஏறத்தாழ 10.5 மில்லிமீட்டர். ஐரோப்பாவின் மற்றப் படைகள் அப்போது 14 முதல் 18 மில்லிமீட்டர் வரை பெருங்குழல்களில் ஈயத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பெரிய குண்டு ஆளைச் சாய்க்கும். சிறிய குண்டோ தாழ்வான பாதையில், நேராக, தூரமாகப் போகும். சுவிஸ்காரர்கள் நேராகப் போவதைத் தேர்ந்தார்கள். பின்னால் வருகிற எல்லாத் தேர்வுகளுக்கும் இதுவே பிள்ளையார் சுழி.

1866இல் கோனிக்ரேட்ஸ் போரில் ஆஸ்திரியப் படையைப் பிரஷ்யா நொறுக்கியது. வாய்ப்பக்கம் மருந்து கிட்டித்துக்கொண்டு நின்ற ஆஸ்திரியர்களைப் பின்பக்கம் தோட்டா போடும் ஊசித் துப்பாக்கிகள் வீழ்த்தின. அக்கம்பக்கத்து நாடுகளெல்லாம் பதறின. சுவிஸ் அரசு அவசரத்துக்குக் கையிலிருந்த துப்பாக்கிகளையே வெட்டி, பின்பக்கம் ஒரு மூடி வைத்தது. மூடி அமெரிக்கரான மில்பேங்கின் யோசனை. அதைச் சுவிஸ் துப்பாக்கிக்குப் பொருத்தித் தந்தவர் ஷாஃப்ஹவுசன் நகரத்துக் கணிதப் பேராசிரியர் யாகோப் அம்ஸ்லர். வரைபடத்தில் ஒரு நிலத்தின் ஓரத்தைச் சுற்றிவந்தால் அதன் பரப்பளவைக் காட்டும் கருவியைக் கண்டுபிடித்தவரும் இவரே. நில அளவைக்காரர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய கருவி அது. அந்த அவசரத்திலேயே அமெரிக்காவிலிருந்து 15,000 பீபாடி துப்பாக்கிகளும் வாங்கப்பட்டன.

இனி வாங்குவது தொடர்சுடு துப்பாக்கியாகவே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. சோதனைகளில் முன்னுக்கு வந்தது அமெரிக்க வின்செஸ்டர். கடைசியில் ஒப்பந்தம் கிடைத்ததோ, ரைன் அருவிக்குப் பக்கத்தில் நாய்ஹவுசன் ஊரில் இருந்த தொழிற்சாலையின் ஆயுதப் பட்டறைத் தலைவர் ஃப்ரீட்ரிஷ் வெட்டெர்லியின் துப்பாக்கிக்கு. ரயில் பெட்டி கட்டுவதற்காக 1853இல் தொடங்கிய தொழிற்சாலை அது. பின்னாளில் சிக் என்ற பெயரில் உலகம் அறிந்தது. வெட்டெர்லி இரண்டு யோசனைகளை ஒட்டவைத்தார்: ஊசித் துப்பாக்கியின் போல்ட், வின்செஸ்டர் பாணியில் குழலுக்கு அடியில் ஓடும் மேகசின். ஒரு டஜன் தோட்டா பிடிக்கும். பக்கத்து நாடுகள் ஒவ்வொன்றாகப் போட்டுச் சுட்டுக்கொண்டிருந்த 1869இல் ஒரு குட்டி நாடு தன் காலாட்படை முழுவதுக்கும் தொடர்சுடு துப்பாக்கி என்று தீர்மானித்தது பெரிய துணிச்சல்தான்.

ஆனால் அதன் தோட்டாவில் ஒரு முடிச்சு இருந்தது. 10.4 மில்லிமீட்டர் தோட்டா. பற்றவைக்கும் மருந்து அதன் அடிவிளிம்புக்குள்ளேயே வைத்துச் சுருட்டப்பட்டிருந்தது. விளிம்பை ஊசி நசுக்கினால் வெடிக்கும். எங்காவது மருந்து படியாமல் போயிருந்தால் வெடிக்காது என்பதால் வெட்டெர்லியின் ஊசி கவட்டையாக இரண்டு இடத்தில் அடித்தது. நசுங்க வேண்டுமானால் கூடு மெல்லியதாக இருந்தாக வேண்டும். மெல்லிய கூடு அதிக அழுத்தம் தாங்காது. ஆக, உள்ளே எவ்வளவு மருந்து போடலாம் என்பதற்கு ஓர் எல்லை விழுந்துவிட்டது. துப்பாக்கி முன்னால் போய்விட்டது, தோட்டா பின்தங்கி நின்றது.

1871 பிப்ரவரியில், ஜெர்மானியரிடம் தோற்ற பூர்பாக்கியின் பிரெஞ்சுப் படை, ஏறத்தாழ 87,000 பேர், பனியில் தள்ளாடிக்கொண்டு எல்லையைத் தாண்டி லே வெரியேர் முதலான கிராமங்களுக்குள் வந்தது. சுவிஸ் காவல் வரிசைக்கு முன்னால் அவர்கள் துப்பாக்கிகளைக் குவித்துவிட்டு நடந்த காட்சியை லூசர்ன் நகரில் ஒரு பெரிய வட்ட ஓவியமாக இன்றும் பார்க்கலாம். நடுநிலை என்பது சும்மா இருப்பதல்ல, வருகிறவனை நிறுத்துகிற அளவுக்கு ஆயுதம் வேண்டும் என்ற எண்ணம் அங்கே அந்த ஆண்டு வேரூன்றியது. அதே ஆண்டு பெர்னில் கூட்டரசின் ஆயுதத் தொழிற்சாலை பிறந்தது.

இனி வருவது எனக்குப் பிடித்த ஆள். எடுவார்ட் ரூபின், 1846இல் பிறந்தவர், ஏரிக்கரை நகரமான தூனில் அரசாங்க வெடிபொருள் தொழிற்சாலையின் இயக்குநர். 1889இல் வந்த ஷ்மிட்-ரூபின் துப்பாக்கியின் பெயரில் ஷ்மிட் முதலில் வருவதால் ரூபின் பின்னால் நிற்பவர் போலத் தெரிகிறார். உலகத்தை மாற்றியது இவர் தொட்ட பொருள்.

சிக்கல் இது. குண்டு தூரமாக, நேராகப் போக வேண்டுமானால் வேகம் கூட வேண்டும். குண்டு சிறுத்தால் வேகம் கூட்டலாம். ஆனால் ஈயம் மெத்து உலோகம். குழலின் உட்சுவரில் சுருள் சுருளாக வெட்டிய பள்ளங்களைக் குண்டு கவ்விக்கொண்டு சுழல வேண்டும். ஒரு வேகத்துக்கு மேல் ஈயம் கவ்வாது, வழித்துக்கொண்டு ஓடிவிடும். பள்ளம் முழுக்க ஈயம் அப்பிக்கொள்ளும், நாலு சுட்டபின் குறி எங்கேயோ போகும். 1882 வாக்கில் ரூபின் ஈயக் குண்டுக்கு ஒரு செப்புச் சட்டை போட்டார். உள்ளே கனம் தர ஈயம், வெளியே பள்ளத்தைக் கவ்வச் செம்பு. ஏழெட்டு மில்லிமீட்டர் விட்டத்துக் குண்டு அப்போதுதான் சாத்தியமானது. 1884இல் பிரான்சில் வியேல் புகையில்லா மருந்தைக் கண்டார். இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில் பழைய துப்பாக்கி யுகம் முடிந்தது. இன்று உலகெங்கும் ராணுவக் குண்டுகள் உலோகச் சட்டையோடுதான் வருகின்றன.

நமக்கும் இதில் ஒரு சொந்தம் உண்டு. 1880களில் பிரிட்டிஷ் ராணுவம் புதிய துப்பாக்கி தேடியபோது ரூபினின் சட்டைக் குண்டையும் தோட்டாவையும் எடுத்துச் சோதித்து, அதன் வழியில் .303 அங்குலத் தோட்டாவுக்கு வந்துசேர்ந்தது. நம்மூர்க் காவலர்கள் பல பத்தாண்டு தோளில் சுமந்த, பழைய தமிழ்ப் படங்களில் காவல் நிலையச் சுவரோரம் வரிசையாகச் சாத்தியிருக்கும் ‘த்ரீ நாட் த்ரீ’ அதுதான். அதன் தோட்டாவின் கொடிவழியில் தூன் ஏரிக்கரையும் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், செப்புச் சட்டையைக் கண்ட ரூபினின் சொந்த ராணுவம் 1889இல் ஏற்ற தோட்டாவில் முழுச் சட்டை இல்லை. ஜிபி 90 என்று பெயர் பெற்ற அந்த 7.5 மில்லிமீட்டர் தோட்டாவின் குண்டு 13.7 கிராம் ஈயம், நுனியில் ஓர் எஃகுத் தொப்பி, உடம்பைச் சுற்றி மெழுகுக் காகிதம். ஜிபி என்பது ஜெர்மனில் ‘துப்பாக்கித் தோட்டா’ என்பதன் சுருக்கம், அவ்வளவுதான். குண்டின் வேகம் நொடிக்கு 600 மீட்டர் அளவில். குழலைத் தேய்க்காமல் இருக்க வேண்டும், அழுத்தமும் அதிகம் கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது.

எச்சரிக்கைக்குக் காரணம் துப்பாக்கி. பெர்ன் தொழிற்சாலை இயக்குநர் கர்னல் ருடோல்ஃப் ஷ்மிட் வடிவமைத்தது. சாதாரண போல்ட் துப்பாக்கியில் கைப்பிடியை மேலே தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்க வேண்டும். நாலு அசைவு. ஷ்மிட்டின் துப்பாக்கியில் இழு, தள்ளு, இரண்டே. வலப்பக்கத்தில் ஒரு தண்டு தனக்கான தடத்தில் ஓடும். அதன் முனையிலிருக்கும் குமிழ், போல்ட்டைச் சுற்றியிருக்கும் உருளை உறையின் சாய்வான காடிக்குள் உட்கார்ந்திருக்கும். தண்டை இழுத்தால் குமிழ் காடியில் வழுக்கிக்கொண்டு போக, உறை தானாகத் திரும்பிப் பூட்டு விடுபடும். இன்னும் இழுத்தால் போல்ட் முழுவதும் பின்னால் வரும். கடைசியில் ஒரு வளையம் தொங்கும். அதைப் பிடித்து இழுத்துத் திருகினால் துப்பாக்கி பூட்டிக்கொள்ளும். கையுறை போட்ட விரலுக்கும் வாகான வளையம். பொறியியலாகப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம்.

படைக்கருவியாகப் பார்த்தால் குறை தெரியும். தோட்டா வெடிக்கும் இடம் முன்னால், பூட்டும் காதுகள் உறையின் பின்கோடியில். இடையில் நீண்டு கிடக்கும் எஃகு ஒவ்வொரு வெடிக்கும் சற்று வளைந்து கொடுக்கும். அழுத்தம் கூட்ட முடியாததற்கு இதுவே காரணம். துப்பாக்கியின் மொத்த நீளம் 1.3 மீட்டர். கீழே 12 தோட்டா மேகசின் வயிறு தள்ளி நிற்கும். 1896இல் ஃபோகெல்சாங், ரெப்ஹோல்ட்ஸ் என்ற இருவர் பூட்டுக் காதுகளை உறையின் முன்பக்கத்துக்கு நகர்த்திக் கொஞ்சம் சரிசெய்தார்கள். குதிரைப் படைக்கு இந்த நீளம் ஒத்துவராமல் 1893இல் ஆஸ்திரிய மான்லிஹர் பாணியில் ஒரு குட்டைத் துப்பாக்கி வந்தது, அதுவும் நிலைக்கவில்லை. அந்த இருபது ஆண்டுக்காலத் திருத்தங்களை எண்ணிக்கொண்டிருப்பது சேகரிப்பாளர்களின் வேலை. நமக்கு வேண்டியது 1911.

ஜெர்மனி 1900களில் கூர்முனைக் குண்டுக்கு மாறியதும் பழைய மொட்டைமுனைக் குண்டுகள் ஒரே நாளில் கிழடு தட்டின. தூன் கொடுத்த பதில் ஜிபி 11. எடை 11.3 கிராம், முழு உலோகச் சட்டை, கூர்ந்த முனை, பின்புறம் படகின் அடிபோலக் குறுகும் உடல். பின்புறம் குறுகுவதால் குண்டின் முதுகில் காற்றுச் சுழல் குறையும், தூரம் போகப் போக வேகம் மெதுவாகவே இறங்கும். குறுந்துப்பாக்கியிலேயே நொடிக்கு 780 மீட்டர் அளவில் கிளம்பும். முதல் உலகப் போரில் தங்கள் இயந்திரத் துப்பாக்கியின் வீச்சு பிறருடையதைவிடக் குறைவு என்று கண்ட அமெரிக்கர்கள், போர் முடிந்ததும் எடுத்துச் சோதித்தவற்றில் சுவிஸ் குண்டும் ஒன்று. 1920களில் அவர்கள் செய்த புதிய குண்டு ஏறத்தாழ அதே எடை, அதே படகு வால்.

ஒரு ஜிபி 11 தோட்டாவைக் கையில் எடுத்துப் பாருங்கள். பித்தளைக் கூட்டின் வாயும் குண்டும் சேரும் இடத்தில், பழைய தோட்டாக்களில், மெழுகு வளையம் ஒன்று ஓடும். ஈரம் உள்ளே போகாது. அடியைத் திருப்பினால் சுற்றிலும் சிறு எழுத்துகள்: தூனைக் குறிக்கும் ஓர் எழுத்து, பித்தளை கொடுத்த டோர்னாக் ஆலைக்கு ஓர் எழுத்து, பிறகு மாதம், ஆண்டு. எந்த மாதத்துத் தோட்டா எங்கே போனது என்று கணக்கு வைக்க முடியும். பத்துப் பத்தாக அட்டைப் பெட்டியில் வரும். துப்பாக்கிக்குள் ஏற்றும் பட்டை பிற நாடுகளில் தகடு. இங்கே மெழுகேற்றிய அட்டைக்குத் தகர விளிம்பு கட்டிய பெட்டி, ஆறு தோட்டா பிடிக்கும். சுட்டுவிட்டு அந்த அட்டையைக்கூடத் திரும்பப் பொறுக்கிக்கொள்ளும் நாடு.

சிக்கனம் இன்னொரு இடத்திலும் தெரியும். புதுத் தோட்டாவுக்குப் பழைய துப்பாக்கியின் குழல் சேராது. 1889 துப்பாக்கியில் ஜிபி 11 போட்டுச் சுடுவது ஆபத்து, பூட்டும் தாங்காது. 1896க்குப் பிந்தையவற்றை எறியாமல் புதுக் குழல் மாட்டி, 12 தோட்டா மேகசினை ஆறாகக் குறைத்து, பிடிக்கட்டைக்கு வளைவு கொடுக்க அடியில் ஒரு மரத்துண்டை வெட்டி ஒட்டினார்கள். 96/11 என்ற அந்த மாற்றுத் துப்பாக்கியை இன்று தடவினாலும் விசைக்குப் பின்னால் ஒட்டு வரி விரலில் தட்டும். மாற்ற முடியாத பழைய துப்பாக்கிகளுக்காக 90/23 என்று மட்டுப்படுத்திய தோட்டா ஒன்றைத் தனியே வார்த்தார்கள். ஒரு தோட்டா மாறினால் வீட்டு அலமாரி, ஊர்ச் சங்கம், மலைக்கிடங்கு என எத்தனை இடம் அசைய வேண்டும் என்பது அப்போது புரிந்திருக்கும். அடுத்த எண்பது ஆண்டு அந்தப் பக்கமே போகவில்லை.

1912 செப்டம்பரில் ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் சுவிஸ் படைப்பயிற்சியைப் பார்க்க வந்தார். உங்கள் படையைப்போல இரண்டு மடங்கு ஆட்களோடு நான் வந்தால் என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டதாகவும், ஆளுக்கு இரண்டு முறை சுட்டுவிட்டு வீட்டுக்குப் போவோம் என்று ஒரு வீரர் சொன்னதாகவும் ஒரு கதை அஞ்சலட்டைப் படமாகவே ஊர் சுற்றியது. நடந்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்த நாடு தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டது என்பதற்கு இது நல்ல சாட்சி: எண்ணிக்கையில் தோற்போம், குறியில் ஜெயிப்போம்.

ஜிபி 11 துப்பாக்கிக்கு மட்டுமல்ல, பெர்னில் செய்த 1911 மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிக்கும், 1925 இலகு இயந்திரத் துப்பாக்கிக்கும், 1951இல் வந்ததற்கும் அதே தோட்டா. தோட்டா துல்லியமாகிவிட்டதால் துப்பாக்கி அதற்கேற்பச் சுருங்கியது. கே31 வந்த கதை அதுதான். கர்னல் அடோல்ஃப் ஃபுர்ரர் பெர்னில் செய்தது. பார்த்தால் 1911 குறுந்துப்பாக்கியின் உடன்பிறப்பு. உள்ளே வேறு. போல்ட்டின் நீளத்தை வெட்டிப் பூட்டுப் பகுதியை ஆறு சென்டிமீட்டர் சுருக்கினார். மிச்சப்பட்ட இடத்தைக் குழலுக்குக் கொடுத்தார். மொத்த நீளம் ஏறக்குறைய அதே 1.1 மீட்டர், குழல் மட்டும் 592இலிருந்து 652 மில்லிமீட்டர். நாலு கிலோ எடையில் நீளத் துப்பாக்கியின் குறியும், குட்டைத் துப்பாக்கியின் கைவாகும். காலாட்படைக்கு நீளம், மற்றவர்களுக்குக் குட்டை என்ற பிரிவே அதோடு ஒழிந்தது. 1958 வரை 5,28,000க்கு மேல் செய்தார்கள். என் கணிப்பில் இந்தக் கதையின் உச்சம் இது. முழுமையடைந்த நேரம் தப்பு என்பது மட்டுமே குறை: அமெரிக்கர்கள் 1936இலேயே அரைத் தானியங்கித் துப்பாக்கிக்குப் போய்விட்டார்கள், சுவிஸ்காரர்கள் உலகிலேயே நேர்த்தியான கை இழுப்புத் துப்பாக்கியை முடித்திருந்தார்கள்.

1940 கோடையில் பிரான்ஸ் விழுந்து நான்கு பக்கமும் அச்சு நாடுகள் சூழ்ந்தபோது, தளபதி கிஸான் படையை ஆல்ப்ஸ் மலைக்கோட்டைகளுக்குள் இழுத்துக்கொண்டார். அப்போதுதான் சொந்தத் தோட்டாவின் இன்னொரு முகம் தெரிந்தது. பக்கத்து நாடு எதிலும் இந்தத் தோட்டா கிடையாது. பிரெஞ்சுக்காரர்களும் 7.5 மில்லிமீட்டர் என்றுதான் சொல்வார்கள், ஆனால் அவர்கள் தோட்டாவின் நீளமும் வடிவமும் வேறு, இதில் போகாது. கடன் வாங்கவும் முடியாது, பிடுங்கிப் பயன்படுத்தவும் முடியாது. தூனும், இன்னொரு தோட்டாத் தொழிற்சாலை இருந்த ஆல்ட்டோர்ஃபும் செய்வதே கணக்கு. தீர்ந்துவிடும் தோட்டாவை எண்ணிச் சுடும் ஆளுக்கு, அடுத்தடுத்துப் பொழியும் துப்பாக்கியைவிடக் குறி பார்க்கும் துப்பாக்கி பொருந்தும் என்பது இங்கே வாதமாக நிற்கிறது. போர் வந்து சோதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

1957இல் தானியங்கித் துப்பாக்கி வந்தது. மற்ற நாடுகள் சிறிய தோட்டாவுக்குப் போகத் தொடங்கிய காலம். சுவிஸ்காரர்கள் ஜிபி 11ஐ விடவில்லை. பழைய தோட்டாவுக்குப் புதுத் துப்பாக்கி கட்டினார்கள். சிக் நிறுவனத்தில் ருடோல்ஃப் அம்ஸ்லர் வடிவமைத்த ஷ்டுர்ம்கெவேர் 57. முன்னே சொன்ன கணிதப் பேராசிரியரோடு பெயர் ஒற்றுமை. 24 தோட்டா மேகசின், மடக்குக் கால்கள், குளிர்காலக் கையுறைக்கென மடக்கி விரிக்கும் நீண்ட விசை, குண்டு எறியும் வெடிமருந்துத் தோட்டாக்களுக்கென வெள்ளை நிறத்தில் தனி மேகசின். ஐந்தரைக் கிலோவைத் தாண்டும் எடை. மலையேற்றத்தில் அதைச் சுமந்த தலைமுறை அதைப் பற்றிச் சொல்வது அச்சில் போடத்தக்கதல்ல. படுத்துக்கொண்டு கால்களை ஊன்றிச் சுட்டால் அதே எடை உதைப்பைத் தின்றுவிடும், குறி அசையாது. எதற்காகச் செய்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான வாக்குமூலம் வேண்டியதில்லை. ஏறத்தாழ ஆறு லட்சம் செய்தார்கள்.

1970களின் இறுதியில் கடைசியாகத் தோட்டாவை மாற்றத் துணிந்தார்கள். அமெரிக்காவின் 5.56 மில்லிமீட்டர் உலகெங்கும் பரவியிருந்தது. அப்படியே எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. 6.45 மில்லிமீட்டரில் ஒன்று, 5.6 மில்லிமீட்டரில் நீண்ட கூட்டோடு ஒன்று என்று சொந்தமாகச் சோதித்தார்கள். பெர்ன் தொழிற்சாலையும் சிக்கும் போட்டி போட்டன. 1983இல் சிக் வென்றது. தோட்டாவில் சமரசம்: கூடு உலகம் பயன்படுத்துகிற அளவு, குண்டு தங்கள் கணக்கில் 4.1 கிராம். குழலின் சுருளும் அந்தக் குண்டுக்கேற்ப 254 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. அமெரிக்கத் தோட்டா போட்டாலும் இந்தத் துப்பாக்கி சுடும், இருந்தாலும் ஆவணங்களில் 5.56 என்று எழுத மாட்டார்கள். 5.6 தான். புதுத் தோட்டாவுக்கு வைத்த பெயர் மறுபடியும் 90. நூறு ஆண்டு இடைவெளியில் ஒரே எண்ணில் இரண்டு தோட்டா. நூலகத்தில் தேடுகிறவர்களைக் குழப்புவதற்கென்றே செய்தது போல இருக்கிறது.

இத்தனை தேர்வுகளுக்கும் பின்னால் ஒரே அளவுகோல், முந்நூறு மீட்டர். அதை அறிய எந்தச் சுவிஸ் கிராமத்திலும் ஒரு கோடைச் சனிக்கிழமை போதும். சரிவின் ஒரு பக்கம் மரக்கொட்டகை, பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்ச்சரிவில் மண்மேடு, அதன் முன் வரிசையாகப் பலகைகள். இடையில் மாடு மேயும், சில இடங்களில் சாலையே போகும். துப்பாக்கி வைத்திருக்கும் வீரர் ஆண்டுதோறும் ஆகஸ்ட் முடிவுக்குள் வந்து இருபது தோட்டா சுட்டுக்காட்ட வேண்டும், தோட்டா இலவசம். முதல் ஐந்து வட்டப் பலகையில் ஒவ்வொன்றாக. பிறகு ஆள் உருவம் போட்ட பலகையில் ஐந்து. பிறகு 20 நொடியில் இரண்டு, 20 நொடியில் மூன்று, 40 நொடியில் ஐந்து. முழு மதிப்பெண் 85, தேற 42 வேண்டும். வராதவர்கள் இலையுதிர் காலத்தில் தனிப் பயிற்சிக்குப் போக வேண்டியிருக்கும். முன்பெல்லாம் பலகைக்கு அடியில் குழிக்குள் ஆட்கள் நின்று, குண்டு விழுந்த இடத்தை நீண்ட கம்பில் மாட்டிய தட்டால் காட்டினார்கள். இப்போது பக்கத்திலிருக்கும் திரையில் புள்ளி விழுகிறது. சுவிஸ் குடியுரிமை பெற்ற தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் இந்தக் கடமையில் விலக்கில்லை.

இந்தக் கொட்டகையில் கே31ம், 57ம், இன்றைய துப்பாக்கியும் பக்கத்தில் பக்கத்தில் படுத்துச் சுடுகின்றன. தோட்டா மாறுவது ஏன் கடினம் என்பதற்கும் விடை இங்கேதான். ராணுவம் முடிவெடுத்தால் துப்பாக்கியைத் திரும்ப வாங்கிப் புதியது கொடுத்துவிடலாம். ஓய்வு பெற்றவர் தன் துப்பாக்கியைச் சொந்தமாக்கிக்கொண்டு இங்கே தொடர்ந்து சுடுகிறார். அதற்குத் தோட்டா வேண்டும். படைக்குத் தேவைப்படாமல் போன பிறகும் ஒரு தோட்டா சங்கத்தில் உயிரோடு இருக்கிறது. தோட்டாவை ராணுவம் வடிவமைத்தது என்பது ஏட்டுக் கணக்கு. அது எதில் தேற வேண்டும் என்று முடிவு செய்தது இந்தப் பலகை. போர் பார்க்காத துப்பாக்கி என்று கேலி செய்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: அது பார்த்த எதிரி இந்தப் பலகை ஒன்றே, அதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்தது. அதில் தேறியது. மற்றதில் தேறியிருக்குமா என்பது திறந்த கேள்வி.

வீட்டுத் தோட்டா மட்டும் போய்விட்டது. வீரர் வீட்டில் துப்பாக்கியோடு மூடி முத்திரையிட்ட ஒரு தகரப் பெட்டியும் இருந்தது. புதிய துப்பாக்கிக்கு ஐம்பது தோட்டா. படை திரட்டும் நாளில் வழியில் சண்டை வந்தால் உடைப்பதற்கு. ஆண்டுதோறும் பெட்டி உடைபடவில்லை என்று அதிகாரி பார்த்துக் குறித்துக்கொள்வார். பனிப்போர் முடிந்து வழியில் சண்டை வரும் வாய்ப்பும் மறைந்தது. வீட்டுச் சண்டைகளும் தற்கொலைகளுமே பேச்சாயின. 2007இல் பெட்டிகளைத் திரும்ப வாங்க முடிவாகி, சில ஆண்டுகளில் வாங்கி முடித்தார்கள். துப்பாக்கியையும் படைக் கிடங்கில் வைக்க வேண்டும் என்று ஒரு மக்கள் முன்னெடுப்பு 2011 பிப்ரவரியில் வாக்கெடுப்புக்கு வந்தது. 56.3 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2019 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆயுதக் கட்டுப்பாட்டோடு ஒத்துப்போகும் சட்டத்தை 63.7 சதவீதம் பேர் ஏற்றார்கள். துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது, தோட்டா இல்லை.

தூன், ஆல்ட்டோர்ஃப் தொழிற்சாலைகள் ருவாக் என்ற அரசு நிறுவனத்துக்குள் சேர்ந்தன. அதன் தோட்டாப் பிரிவை 2022இல் இத்தாலியின் பெரெட்டா வாங்கிக்கொண்டது. ரூபினின் ஊரில் செய்யும் தோட்டாவுக்கு முதலாளி இப்போது எல்லைக்கு அப்பால்.

சுட்ட குண்டுகள் மட்டும் எங்கும் போகவில்லை. மண்மேட்டுக்குள்தான் இருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் ஊர் ஊராகச் சுட்டதில் ஆயிரக்கணக்கான தளங்களின் மண்ணில் ஈயம் ஏறிவிட்டது. மழை அதைக் கரைத்து இறக்குகிறது, மாடு மேயும் புல்லுக்கும் நிலத்தடி நீருக்கும் போகாமல் தடுக்க வேண்டியிருக்கிறது. இப்போது மேட்டுக்கு முன்னால் குண்டு பிடிக்கும் பெட்டிகளைப் பொருத்துகிறார்கள். நேரடியாக மண்ணில் சுடுவதை நிறுத்திய தளங்களைச் சுத்தம் செய்யக் கூட்டரசு பணமும் தருகிறது. மண் அள்ளும் இயந்திரம் மேட்டின் நெஞ்சைத் தோண்டி லாரியில் கொட்டுகிறது. ஆலையில் சலித்துக் கழுவினால் ஈயம் தனி, உலோகச் சட்டை தனி, மண் தனியாகப் பிரிகிறது.